புதுக்கிய எஞ்சினும் அதன் பிணி நாடலும்

யந்திரங்கள் பழுதுறுதல் உலகியற்கை. பன்னாள் உழைத்துத் தேய்ந்த யந்திரம் தடுமாறக் கண்டு வியப்பார் ஒருவருமிலர். ஆனால், தேய்ந்த உறுப்புக்களைக் களைந்து, அவற்றினும் சிறந்த புதியனவற்றைப் பூட்டி, முன்னிலும் மிக்க ஆற்றல் பெறுமாறு செப்பனிட்ட எஞ்சினொன்று, முன்னை நிலையினும் கேடாக இருமியும் திணறியும் ஓடுமாயின், அது காண்போர்க்கு வியப்பையும் உடையவனுக்குத் துயரையும் விளைப்பதாகும். அமெரிக்க நாட்டில் ஏ.டி.வி. என வழங்கும் ஊர்திகளை வைத்திருப்போர் பலர்க்கு இந்நிலை நேர்கின்றது. அதன் காரணங்கள் யாவை, அவற்றை எவ்வொழுங்கில் நாடிக் காண்பது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஏ.டி.வி. என்பது பாதையில்லா நிலத்தும் செல்லவல்ல சிறு ஊர்தி. பருத்த, காற்றழுத்தம் குறைந்த டயர்களையும், குதிரைமேல் அமர்வதுபோல் காலை இருமருங்கும் இட்டு அமரும் இருக்கையையும், கைப்பிடித் தண்டையும் உடையது. ஹோண்டா நிறுவனத்தார் 1970-ஆம் ஆண்டில் முச்சக்கர ஊர்தியாக இதனை அமெரிக்காவில் விற்கத் தொடங்கினர். 1982-இல் சுஸுகி நிறுவனத்தார் நாற்சக்கர ஊர்தியை வெளியிட்டனர். முச்சக்கர ஊர்திகள் எளிதிற் கவிழ்ந்து பலர் ஊறுபட்டமையால், 1988-இல் அந்நாட்டு அரசாங்கத்தாரோடு உற்பத்தியாளர் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அவற்றின் விற்பனை நின்றது. உழவர் பண்ணை வேலைக்கும், இளைஞர் விளையாட்டிற்கும் நாற்சக்கர ஊர்தியையே கொள்வாராயினர். தென்கிழக்குக் கலிபோர்னியாவில் கிளாமிஸ் என்னும் ஊரையடுத்த மணற்குன்றுகள் இவ்விளையாட்டிற்குப் பெயர்பெற்றவை.

ஆராய்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமாதலின், 1999-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 400 இ.எக்ஸ். என்னும் ஊர்தியைக் கொள்வோம். அதன் எஞ்சின் ஒரே சிலிண்டரையும் நான்கு வால்வுகளையும் உடையது, காற்றாற் குளிர்வது, பிஸ்டனின் நான்கு வீச்சுக்களில் ஒரு முறை வேலை செய்வது. சிலிண்டரின் விட்டம் 85 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் நீளம் 70 மில்லிமீட்டர். இவற்றைக் கணக்கிடின் கொள்ளளவு 397 கன சென்டிமீட்டர் ஆகும். உள்வாங்கிய காற்று 9.1-ல் ஒரு பங்காக அமுக்கப்படும்.

ஆற்றலை மிகுவிக்க விரும்புவோர் செய்யும் மாற்றங்கள் பெரும்பாலும் நான்கு. முதலாவது, சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டனைப் பூட்டுதல். விட்டம் 87 மில்லிமீட்டராயின் கொள்ளளவு 416 ஆகும். இரண்டாவது, அமுக்கத்தை மிகுத்தல். பிஸ்டன் உச்சியை அடைந்தபோது அதற்கு மேல் எஞ்சும் இடம் முன்பு ஏறத்தாழ 49 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதத்தை 11 ஆக்கினால் அவ்விடம் 42-க்கும் குறையும். மூன்றாவது, வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் தண்டைப் பூட்டுதல். நான்காவது, காற்று வடிகட்டிப் பெட்டியின் மூடியை நீக்கியும், தடை குறைந்த புகைக்குழாயைப் பொருத்தியும் மூச்சை எளிதாக்குதல். இந்நான்கும் ஒருங்கே செய்யப்படுவதே பின்னர் எழும் குழப்பத்திற்கு வித்தாகின்றது. நான்கு பொருள்கள் ஒரே நாளில் மாறியபின் எஞ்சின் தடுமாறினால், குற்றம் எதன்கண் உளது என்று எவ்வாறு துணிவது?

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் முதலை ஆய்ந்து, பின்னரே அது தீரும் வாயிலை நாடவேண்டும் என்னும் முறையைத் திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்துள்ளார். அம்முறை யந்திரத்திற்கும் ஏற்பதேயாம். ஆயினும் பலர் செய்வது யாது? முதலிற் கார்புரேட்டரைக் கழற்றுவர். அடுத்துப் புதிய ஸ்பார்க் பிளக் வாங்குவர். பின்னர் மின்பெட்டியை மாற்றுவர். பொருட்செலவு மிகும், பிணியோ நிற்கும். ஆகலின் ஓர் ஒழுங்கு வேண்டும்.

அவ்வொழுங்கின் முதற்படி, பிணி வேறு, இயல்பு வேறு எனப் பிரித்தறிதல். நெடுநேரம் திறக்கும் கேம் தண்டில், புகைவால்வு மூடுமுன் உள்வால்வு திறந்துவிடும். இரண்டும் ஒருங்கே திறந்திருக்கும் நேரம் மிகும். விரைந்து ஓடுங்கால் இது நன்மையே. மெல்ல ஓடுங்காலோ எரிந்த புகையிற் சிறிது புதுக்கலவையோடு கலந்து எரிதலைத் தளர்த்தும். எனவே நின்றநிலையில் சிறிது தத்தித்தத்தி ஓடுதல் அத்தகைய தண்டின் இயற்கை. நின்றநிலை வேகத்தைச் சற்றே உயர்த்தி வைத்தல் அதற்குப் போதும். இதனைப் பிணியென்று மயங்கி மருந்து தேடுவோர் நன்னிலையில் உள்ள பிறவற்றையும் கெடுத்துவிடுவர். ஆனால், எஞ்சின் சூடேறியபின்னும் நின்றுவிடுதல், கார்புரேட்டர் வழியே வெடித்தல், நடுவேகத்தில் ஏங்குதல், முழுவேகத்தில் வலியிழத்தல் என்பன இயல்பல்ல, பிணியே.

இரண்டாம் படி, எஞ்சின் ஓடுதற்கு வேண்டுவன யாவை என எண்ணுதல். அவை மூன்று: தக்க அளவிற் கலந்த காற்றும் பெட்ரோலும், போதிய அமுக்கம், வலிய மின்பொறி. இம்மூன்றும் தத்தம் காலத்தில் நிகழவேண்டும் என்பது நான்காவது. காலத்தின் நுட்பத்தைக் கருதுக. நிமிடத்திற்கு 6000 சுற்றுச் சுழலும் தண்டு ஒரு வினாடியில் 100 முறை சுழலும். அது ஒரு பாகை நகர்தற்கு வேண்டும் நேரம் வினாடியின் 36,000-ல் ஒரு பங்கே. சில பாகை பிழைப்பினும் எஞ்சின் தடுமாறும் என்பது இதனால் விளங்கும்.

இவற்றுள் முதற்கண் ஆராயத்தக்கது எது? அமுக்கமும் வால்வுகளின் காலமுமே என்பது எம் துணிபு. செப்பனிட்டபோது கழற்றிப் பூட்டப்பட்டவை அவையே. அன்றியும், அவை பிழைத்திருக்கக் கார்புரேட்டரைத் திருத்துவது அடித்தளம் சாய்ந்த வீட்டிற்குச் சுண்ணாம்பு பூசுவதை ஒக்கும்.

வால்வின் தண்டிற்கும் அதனை அழுத்தும் நெம்புகோலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கு இடைவெளி இருத்தல் வேண்டும். வெப்பத்தால் தண்டு நீளும்போது அதற்கு இடந்தருவது அதுவே. இடைவெளி அற்றுப்போயின் வால்வு முற்றும் மூடாது, அமுக்கம் கசியும், வால்வின் விளிம்பும் எரிந்துபோகும். இடைவெளியை அளக்குங்கால் ஒரு மயக்கம் நேர்தல் உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் உச்சியை இருமுறை அடையும்: அமுக்கத்தின் முடிவில் ஒருமுறை, புகை வெளியேறும் முடிவில் ஒருமுறை. சுழற்சக்கரத்தில் வெட்டியுள்ள ‘டி’ என்னும் குறி இருமுறையும் நேர்பட்டு நிற்கும். அமுக்கத்தின் முடிவிலேயே நான்கு வால்வுகளும் மூடியிருக்கும். மற்றையதில் வால்வுகள் சிறிது திறந்திருக்குமாதலின், அப்போது அளந்து திருகினவன் இடைவெளியை முற்றும் பிழையாக அமைத்துவிடுவான். நெம்புகோல்களைக் கையால் அசைத்து, அவை சிறிதே ஆடக் கண்டபின்னரே அளத்தல் முறை.

அடுத்தது கேம் சங்கிலியின் பொருத்தம். கேம் தண்டின் பற்சக்கரத்தில் 36 பற்கள் உளவெனக் கொள்வோம். ஒரு பல் தவறிப் பூட்டின் கேம் தண்டு 10 பாகை பிழைக்கும். கேம் தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் கிராங்குத் தண்டு இருமுறை சுழலுமாதலால், பிழை கிராங்குக் கணக்கில் 20 பாகையாகும். எஞ்சின் இயங்கும், ஆயின் வலியின்றி இயங்கும், தொடங்குவது அரிதாம், கார்புரேட்டர் வழியே தும்மும். பிழை பெரிதாயின் வால்வும் பிஸ்டனும் மோதி இரண்டும் அழியும். சிலிண்டரின் தலையைச் சீவியிருந்தாலும், மெல்லிய கேஸ்கெட் இட்டிருந்தாலும், இரு தண்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் குறையும்; அதனாலும் கேம் தண்டின் காலம் சிறிது பிந்தும். ஆதலின் புதிய எஞ்சினை முதலில் கையால் மெல்ல இருமுறை சுழற்றி, எங்கும் தடையின்மை கண்டு, குறிகள் நேர்பட்டமையும் காணவேண்டும்.

பின்னர் அமுக்கத்தை அளத்தல். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதனிடத்தில் அளவியைத் திருகி, திராட்டிலை முழுதும் திறந்து எஞ்சினைச் சுழற்றவேண்டும். திராட்டில் மூடியிருந்தால் காற்று உட்புகாது, அளவு பொய்யாகும். எளிதில் தொடங்குதற்பொருட்டு வால்வைச் சிறிது திறந்துவைக்கும் அமைப்புடைய எஞ்சின்களில் இவ்வளவு குறைந்தே காணும் என்பதும் நினைவில் இருக்கவேண்டும். அளவு குறைந்தவழி, ஒரு சிறு கரண்டி எண்ணெயைச் சிலிண்டருள் விட்டு மீண்டும் அளக்க. இப்போது உயர்ந்தால் பிஸ்டன் வளையங்களே கசிகின்றன; உயராதாயின் வால்வோ கேஸ்கெட்டோ எனக் கொள்க. புதிய வளையங்கள் சிலிண்டரின் சுவரோடு படிந்து இசைதற்குச் சிறிது ஓட்டம் வேண்டுமாதலின், முதல்நாள் அளவைக்கண்டு மனந்தளரற்க.

இதனினும் சிறந்தது கசிவுச் சோதனை. அமுக்கத்தின் முடிவில் பிஸ்டனை நிறுத்தி, தண்டு சுழலாதவாறு பிடித்து, பிளக்கின் துளைவழியே அழுத்தக் காற்றைச் செலுத்துவர். பின்னர்ச் செவிகொடுத்துக் கேட்பர். கார்புரேட்டரில் சீறல் கேட்பின் உள்வால்வு கசிகின்றது. புகைக்குழாயிற் கேட்பின் புகைவால்வு. கிராங்குப் பெட்டியின் மூச்சுக்குழாயிற் கேட்பின் வளையங்கள். மருத்துவன் மார்பில் குழல்வைத்துக் கேட்பதனோடு இஃது எத்துணை ஒத்துளது காண்மின்!

அமுக்கமும் காலமும் செவ்வையெனத் தேர்ந்தபின், வேண்டாத வழியிற் காற்றுப் புகுதலை நாடவேண்டும். கார்புரேட்டரையும் சிலிண்டரின் தலையையும் இணைக்கும் ரப்பர்க் குழாய் பழமையால் வெடித்திருக்கலாம்; அதன் அடியிலுள்ள வளையம் பிசகியிருக்கலாம்; பட்டி தளர்ந்திருக்கலாம். அவ்வழிப் புகும் காற்றிற்குப் பெட்ரோல் இல்லை. எனவே கலவை மெலியும். திராட்டிலை விட்டபின்னும் வேகம் உடனே இறங்காது தொங்கி நிற்றல், நின்றநிலையில் வேகம் ஏறியும் இறங்கியும் அலைதல் என்பன இதன் குறிகள். இணைப்பின்மேல் நீரை மெல்லத் தூவினால், வெடிப்பை நீர் ஒருகணம் அடைக்க, எஞ்சினின் ஒலி மாறும். அதனாற் குற்றமுள்ள இடம் வெளிப்படும். எரியக்கூடிய நீர்மங்களைத் தூவிச் சோதிப்போரும் உளர். சூடேறிய எஞ்சினருகே அது தீவிபத்திற்கு வழியாகும்.

இனிக் கார்புரேட்டரைக் காண்போம். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். மிகுந்த வலி பெறுதற்கோ 13 பங்கிற்குச் சிறிது குறைந்த காற்றுக் கலந்த கொழுத்த கலவை வேண்டும். கார்புரேட்டர் ஒன்றேயாயினும் அதனுள் தொழில் பல பிரிவாக நடக்கும். திராட்டில் எட்டிலொரு பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட் என்னும் சிறு துளை தலைமை தாங்கும். அதன்மேல் கால்பங்குவரை சறுக்குத் தட்டின் வெட்டு. கால் முதல் முக்கால்வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஆகவே எஞ்சின் எவ்வேகத்தில் தடுமாறுகின்றது என்று வினவாது, திராட்டில் எத்துணைத் திறந்தபோது தடுமாறுகின்றது என்று வினவுதலே அறிவுடைமை. கைப்பிடியில் சிறு வெள்ளைக் குறிகளை இட்டுக்கொண்டு ஓட்டிப் பார்ப்பார்க்கு இவ்விடை எளிதிற் கிட்டும். நின்றநிலையில் மட்டும் நோயாயின், மெயின் ஜெட்டை மாற்றுதல் காலில் முள் தைத்தார்க்குக் கையில் மருந்திடுதலே. செப்பனிடுங்காலம் முழுதும் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசினாகிப் பைலட் ஜெட்டை அடைத்திருத்தலும் உண்டு. ஆதலின் துளையின் எண்ணை மாற்றுமுன் அது தூயதாவென நோக்குக.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. சிலிண்டரைப் பெரிதாக்கினமையால் பெட்ரோல் மிக வேண்டும், ஆதலின் பெரிய ஜெட் இடவேண்டும் என்பது பலர் எண்ணம். 397-லிருந்து 416 ஆதல் நூற்றுக்கு ஐந்து பங்கே உயர்வு. மேலும், காற்று விரைந்து பாயப்பாய அது பெட்ரோலையும் தானே மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். உண்மையிற் கலவையை மெலிவிப்பன, காற்றுப் பெட்டியின் மூடியை நீக்கியதும் புகைக்குழாயை மாற்றியதுமே. மூடியிருந்தபோது காற்றுக்குத் தடை இருந்தது. அத்தடையால் கார்புரேட்டரின் வாயில் அழுத்தம் குறைந்து பெட்ரோல் மேலெழுந்தது. மூடி நீங்கவே அவ்வுறிஞ்சல் தளர்ந்து பெட்ரோல் குறைகின்றது. சிறிதெனத் தோன்றிய மாற்றமே பெரும்பயன் விளைத்தமை காண்க.

இடத்தின் உயரமும் கருதற்பாலது. கடல்மட்டத்தினின்று 3000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதே. தாழ்ந்த மணற்குன்றுகளில் நன்கோடிய எஞ்சினை, 3000 மீட்டருக்கு மேலும் ஏறும் யூட்டா மாகாணத்துப் பையூட் மலைப்பாதைக்குக் கொண்டுசெல்லின், காற்றுக் குறைந்து கலவை கொழுத்துக் கரும்புகை கக்கும். மலைக்கெனத் திருத்திய எஞ்சினைக் கீழே கொணரின், கலவை மெலிந்து பேராபத்து விளையும்.

மின்பொறியைப் பற்றியும் ஒரு சொல். பிளக்கைக் கழற்றி வெளிக்காற்றிற் சோதித்தபோது பொறி அழகாகப் பாய்ந்தது, ஆகவே அதன்கண் குற்றமில்லை என்று துணிதல் தவறு. இரு முனைகளுக்கிடையே பொறி பாய்தற்கு வேண்டும் மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் முனைகளின் இடைவெளியையும் பெருக்கிய அளவைப் பொறுத்தது என்பதை பாஷென் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1889-இல் நிறுவினார். அமுக்கத்தை மிகுத்த எஞ்சினில் பொறி முன்னிலும் கடுந்தடையைத் தாண்டவேண்டும். பழைய மின்சுருள் பழைய எஞ்சினுக்குப் போதியதாயிருந்து புதியதற்குப் போதாமற்போதல் இதனாலேயாம். பிளக்கின் இடைவெளியைச் சிறிது குறைத்தல், மூடியையும் கம்பியையும் நோக்குதல், உடலோடு சேரும் மின்னிணைப்பிலுள்ள வண்ணப்பூச்சைச் சுரண்டுதல் என்பன எளிய மருந்துகள். சுழற்சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவி வெட்டுண்டிருப்பின், பொறியின் காலமே பிறழும், அதனையும் நோக்குக.

இத்துணை விழிப்பு எதற்கு? சிறிது தடுமாறினும் ஓடட்டுமே எனின், அது கூடாது. அலுமினியம் உருகும் வெப்பம் 660 பாகை சென்டிகிரேடு. எரியும் வாயுவின் வெப்பமோ 2000 பாகைக்கு மேற்பட்டது. அலுமினியப் பிஸ்டன் அதனூடே பிழைத்திருப்பது, வெப்பம் வளையங்கள் வழியே சுவருக்குச் செல்வதனாலும், பிஸ்டனின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய வாயுப்படலம் காப்பதனாலுமே. மெலிந்த கலவையாலோ, அமுக்கத்திற்கு ஏலாத பெட்ரோலாலோ, முந்திய பொறியாலோ கலவை ஒருங்கே வெடித்து மோதுமாயின், அப்படலம் கிழியும். பிஸ்டன் சில நிமிடங்களிலேயே துளைபடும். கல்லை உலோகத்தகட்டில் எறிந்தாற்போன்ற ஒலி கேட்பின், உடனே திராட்டிலை விடுக. உயர்ந்த அமுக்கத்திற்கு உயர்ந்த ஆக்டேன் எண்ணுடைய பெட்ரோலே ஏற்றது. யமஹா நிறுவனத்தார் 1987-இல் வெளியிட்ட 347 கன சென்டிமீட்டர் பான்ஷி போன்ற இருவீச்சு எஞ்சின்களில் இவ்வாபத்து இரட்டிப்பாம். அங்கே மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே செல்வதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும்.

பல மாதம் உழைத்து ஈட்டிய கூலியை ஓர் இளைஞன் இவ்வெஞ்சினில் இட்டிருப்பான். அது ஒரு பிற்பகலில் அழிவது சிறு துயரன்று. செங்குத்தான மணற்குன்றில் ஏறுங்கால் எஞ்சின் இறுகி நின்றுவிடின், ஊர்தி பின்னோக்கிப் புரண்டு உயிர்க்கே இடையூறாம். கதவடைத்த கொட்டிலில் எஞ்சினை ஓட்டிச் சோதிப்போர், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயுவால் மாளவும் கூடும். வெட்டவெளியே சோதனைக்கு உரிய இடம்.

இறுதியாக ஒரு விதி. ஒருகால் ஒன்றனையே மாற்றுக. மாற்றியதையும் அதன் பயனையும் ஏட்டில் எழுதுக. பயனில்லையாயின் பழைய நிலைக்கு மீட்டபின்னரே அடுத்ததை நாடுக. இரண்டை ஒருங்கே மாற்றி நோய் தீர்ந்தாலும், எதனால் தீர்ந்தது என்பது விளங்காது. மீண்டும் வந்தால் மீண்டும் இருளே. எஞ்சின் பொய் சொல்வதில்லை. அது இருமும் நேரமும், சீறும் இடமும், கக்கும் புகையின் நிறமும் அதன் மொழிகள். அவற்றைப் பொறுமையோடு கேட்பவன், கையிற் பொருள் குறைந்தவனாயினும் பிணியைக் காண்பான். கேளாதவன் கடைமுழுதும் விலைக்கு வாங்கினும் காணான்.